குதிரை லாயத்திலிருந்து தேஜஸ் வரை



நம்ம ஆரணியில் ஒரு பட்டுச்சேலை தனி ஒருத்தர் வேலை கிடையாது. முறுக்குறவர், சாயம் போடுறவர், பாவு பிணைக்கிறவர், நெய்கிறவர் எல்லார் கையும் பட்டால்தான் சேலை. விமானமும் அப்படித்தான் என்பதை எஞ்சினியராக ஆன பிறகு புரிந்துகொண்டேன்.

1959-ல் டில்லியில் தொடங்கிய தேசிய விமானவியல் ஆய்வகம் (என்.ஏ.எல்.) மறு ஆண்டு பெங்களூருக்கு வந்தது. முதல் இயக்குநர் பி. நீலகண்டன். அங்கே முதல் அலுவலகம், மைசூர் மகாராஜா அரண்மனையின் குதிரை லாயம்! 1967-ல் 1.2 மீட்டர் காற்றுச் சுரங்கம் வந்தது. ஒலியைவிட நாலு மடங்கு வேகத்தில் காற்றை வீசக்கூடியது. நம் ராக்கெட், விமான மாதிரிகள் அந்தக் காற்றில் சோதிக்கப்பட்டன.

பின்னாளில் தேஜஸ் எனப் பெயர் பெற்ற போர் விமானத்தின் வால் துடுப்பை என்.ஏ.எல். கார்பன் இழையில் செய்தது. பாவு, ஊடை மாதிரி, இழை ஓடும் திசையில்தான் பலம்.

அந்த விமானத்தைக் கணினி நொடிக்கு நொடி திருத்தாவிட்டால் அது நிலைதடுமாறும். அதற்கான கட்டுப்பாட்டு விதிகளை எழுத 1992-ல் என்.ஏ.எல். தலைமையில் தேசியக் குழு அமைந்தது. 1998 மே அணு சோதனைக்குப்பின் அமெரிக்கா தடை போட்டது. அங்கே நடந்த கூட்டுவேலை நின்றது. நம்மவர்கள் திரும்பி வந்து, பல நிறுவனங்கள் கைகோத்து, பெங்களூரிலேயே முடித்தார்கள். 2001 ஜனவரி 4-ல் விமானம் பறந்தது.

மாணவத் தம்பி தங்கைகளே, மதிப்பெண்ணுக்குத் தனியாகப் படிக்கலாம். பெரிய வேலைக்குக் கூட்டாளி வேணும். பக்கத்து பெஞ்சுக்காரரை இன்றே பழகிக்கொள்ளுங்கள்.