ஸ்ரீவைகுண்டத்தில் கோடை விடுமுறை: விறகடுப்பு முதல் மின்கட்டணம் வரை

தாமிரபரணியின் வடகரையில் இருக்கும் ஸ்ரீவைகுண்டத்தில் பள்ளிப் பிள்ளைகளின் விடுமுறையும் கடும் வெயிலும் ஒன்றாகவே வரும். ஏப்ரல், மே மாதங்களில் வீடு பகல் முழுவதும் ஆள் நிறைந்திருக்கும். மின்சாரம் வருவதற்கு முன்பு, அந்த நாட்களின் கூடுதல் சுமை அடுப்பங்கரையில்தான் விழுந்தது.

விறகை மிச்சப்படுத்த அடுப்பின் அமைப்பே கைகொடுத்தது. மண்ணடுப்பின் பெரிய வாயில் சோற்றுப்பானை ஏறும். அடியில் எரியும் தீயின் மிச்ச அனல் உள்வழியே பக்கத்துக் கொடியடுப்புக்குப் போகும். அங்கே குழம்பு சுண்டும், இல்லையென்றால் வெந்நீர் காயும். தனி விறகு தேவையில்லை. அரிசி முக்கால் பதம் வெந்ததும் விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைப்பார்கள். மீதி வேக்காடு தணலில் நடக்கும். அணைந்த கரி அடுத்த வேளைக்கு ஆகும். இரவில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டால் காலையில் அடுப்பே பற்றவைக்க வேண்டாம். விளையாடிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு மோர் விட்ட பழைய சோறும் சின்ன வெங்காயமும் போதும். பனைமட்டையும் காய்ந்த ஓலையும் சுள்ளியும் எரிபொருளாயின. இந்தச் சிக்கனத்துக்குப் பெண்கள் தந்த விலை பெரியது: சுள்ளி பொறுக்கிச் சுமந்ததும் புகையில் கண் எரிய நின்றதும் அவர்கள்தாம்.

வெக்கையைத் தணிக்க எதையும் எரிக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் ஆற்றில் குளித்தார்கள். பகலில் ஓட்டு வீட்டின் பட்டாசல் என்னும் கூடத்தில் கோரைப்பாயும் பனையோலை விசிறியும், இரவில் காற்று வரும் தார்சா என்னும் முன்பகுதியும் போதுமாயிருந்தன.

இதே ஆற்றின் மேல்பகுதியில் 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பைக்காரா (1932), மேட்டூர் (1937) ஆகியவற்றுக்கு அடுத்து வந்தது அது. 1957இல் மின்வாரியம் அமைந்த பிறகு ஊர்ப்புறங்களுக்கு மின்கம்பிகள் வேகமாகப் பரவின. முதலில் பல்பு, அப்புறம் வானொலி, மின்விசிறி. 2006க்குப் பிறகு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சியும், 2011 முதல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் எளிய வீடுகளை எட்டின. ஓட்டுக்கூரை போய்த் தளம் போட்ட வீடுகள் பெருகின; அவை பகலில் வாங்கிய சூட்டை இரவில் உள்ளே இறக்கின. 2012இல் சென்னைக்கு வெளியே பல மணி நேர மின்வெட்டு நீடித்தபோது விசிறி மட்டைகள் மறுபடி பரணிலிருந்து இறங்கின.

அதன்பின் சிக்கனத்தின் அளவுகோல் மின்கட்டணமானது. 2016 மே மாதத்திலிருந்து வீடுகளுக்கு இரு மாதக் கணக்கு ஒவ்வொன்றிலும் முதல் 100 யூனிட் இலவசமானது. ஆனால் மொத்தம் 500ஐத் தாண்டினால் கீழுள்ள யூனிட்டுகளுக்கும் உயர்ந்த விகிதம் விழுந்தது. 2017இல் 500 யூனிட்டுக்கு நிலைக்கட்டணத்தோடு 1,130 ரூபாய். 501 ஆனால் சுமார் 1,787 ரூபாய். ஒரே ஒரு யூனிட் அறுநூற்றைம்பது ரூபாய்க்கு மேல் கூட்டியது நடுத்தரக் குடும்பத்துக்குக் கொடுமையான ஏற்பாடு. 2022இல் விகிதங்கள் மாறின. 500 என்ற எல்லை அப்போதும் நீங்கவில்லை.

பிள்ளைகளுக்காகப் பகலில் எட்டு மணி நேரம் கூடுதலாக ஓடும் 75 வாட் மின்விசிறி இரண்டு மாதத்தில் 36 யூனிட் இழுக்கும். 30 வாட்டில் ஓடும் புதுவகை விசிறிக்கு ஏறத்தாழ 14 யூனிட் போதும். எல்லையை ஒட்டி நிற்கும் வீட்டில் விடுமுறைக் கட்டணத்தைத் தீர்மானிக்க இந்த 22 யூனிட் வித்தியாசமே போதுமானது.