பட்டமும் கைவேலையும்: ஹெப்பகோடியை முன்வைத்து ஓர் ஆய்வு

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோது அதில் ஒரு நிலையத்துக்கு ‘பயோகான் ஹெப்பகோடி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊர்ப்பெயருக்கு முன்னால் தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்த பயோகான் என்னும் உயிர்த்தொழில்நுட்ப நிறுவனத்தின் தொடக்கம், ஆளெடுக்கும் முறைகளை ஆராய்வோர் கவனிக்க வேண்டிய ஒன்று. அதை நிறுவிய கிரண் மஜும்தார் ஆஸ்திரேலியாவின் பாலரட்டில் பீர் தயாரிப்பு படித்து, 1975இல் ‘மாஸ்டர் புரூவர்’ தகுதி பெற்றுத் திரும்பினார். அது ஆண்களின் வேலை என்று சொல்லி இந்திய மதுவாலைகள் அவரைச் சேர்க்கவில்லை. 1978இல் வாடகை வீட்டின் கார் ஷெட்டில், 10,000 ரூபாய் முதலோடு பயோகானைத் தொடங்கியபோது அவரிடம் வேலைக்கு வரவும் ஆட்கள் தயங்கினார்கள். முதலில் வந்து சேர்ந்தவர் ஓய்வுபெற்ற ஒரு கார் மெக்கானிக்.

இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். உயர்ந்த சான்றிதழ் வைத்திருந்தவருக்கு வேலை கிடைக்கவில்லை. உயிர்த்தொழில்நுட்பத்தில் எந்தச் சான்றிதழும் தேவைப்படாமல் ஒருவர் அத்துறையின் முதல் பணியாளர்களில் ஒருவரானார். சான்றிதழைப் பார்ப்பவரின் மனமும் சேர்ந்தே முடிவெடுக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. எனவே, பட்டத்தை விட்டுத் திறனைப் பார்த்து ஆளெடுக்க வேண்டும் என்னும் கோரிக்கையை ஆதரிக்கும் இக்கட்டுரை, ஒரு நிபந்தனையையும் முன்வைக்கிறது: திறனை அளக்கும் முறை எழுத்தில் இருக்க வேண்டும், எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பப்பாளிப் பாலிலிருந்து பப்பைன் என்ற நொதியையும், மீனின் காற்றுப்பையிலிருந்து பீரைத் தெளியவைக்கும் ஐசிங்கிளாசையும் பிரித்தெடுப்பதே பயோகானின் ஆரம்பத் தொழில். முதலாளியும் பணியாளரும் ஒரே ஷெட்டில் நின்று வேலை செய்யும்போது யாருக்கு என்ன தெரியும் என்பது சில நாளிலேயே தெரிந்துவிடும். நிறுவனம் பெரிதானதும் இந்த நேரடிப் பார்வை போய்விடுகிறது. விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் குவியும் இடத்தில், செலவில்லாமல் கழித்துக்கட்டப் பட்டம் உதவுகிறது. ஒருவரின் திறனை நேரில் அறிய முடியாதபோது படிப்பு ஓர் அடையாளக் குறியாகச் செயல்படுகிறது என்று மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் விளக்கினார். குறி பரவப் பரவ அதன் மதிப்புக் குறையும். அதே வேலைக்கு இன்னும் உயர்ந்த குறி கேட்கப்படும். ரொனால்ட் டோர் 1976இல் எழுதிய நூலில் இந்தப் போக்கை ஒரு நோயாக விவரிக்க இலங்கையையும் எடுத்துக்கொண்டார். அங்கு நடந்த 1971 கிளர்ச்சியில் படித்தும் வேலையற்ற இளைஞர்கள் பெருமளவில் இறங்கியதை நினைவில் கொண்டால், அந்தத் தேர்வின் பொருத்தம் புரியும்.

படிப்பை முற்றாகத் தள்ளிவைக்கவும் முடியாது. ஹெப்பகோடியிலும் அதன் பக்கத்திலுள்ள பொம்மசந்திராவிலும் தயாராகும் மருந்து நோயாளியின் உடலுக்குள் போகிறது. மருந்துத் தயாரிப்பு உரிம விதிகளில் ஒன்று, மேற்பார்வையாளர் பார்மசி பட்டதாரியானால் 18 மாத அனுபவம் போதும் என்கிறது. வேதியியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டதாரியானால் 3 ஆண்டு அனுபவம் கேட்கிறது. பட்டம் துறையிலிருந்து சற்று விலகினால் அந்தக் குறையை வேலை அனுபவத்தால் ஈடுசெய்யலாம் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. இந்த அறிவுள்ள ஏற்பாட்டை மற்றத் தொழில்கள் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை?

ஆய்வு முடிவுகளும் திறனைப் பார்க்கும் பக்கமே சாய்கின்றன. ஷ்மிட், ஹண்டர் இருவரும் 1998இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், வேலையைச் செய்யவைத்துப் பார்க்கும் தேர்வுக்கும் பின்னாளைய பணித்திறனுக்கும் உள்ள தொடர்பு 0.54, படித்த ஆண்டுகளின் எண்ணிக்கைக்கு 0.10. சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் மறுகணக்கிட்டு முதல் எண்ணை 0.33 ஆகக் குறைத்தார்கள். குறைத்த பிறகும் அது பயனுள்ள அளவுகோலாகவே நிற்கிறது.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு நியாயமான அச்சம் எழும். 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. கைத்தொழிலின் பெருமையைப் பேசியே ஒரு தலைமுறையைப் படிப்பிலிருந்து விலக்க முடியும் என்று அன்று நம் மக்கள் கண்டுகொண்டார்கள். சிபாரிசுக்கு ஆளில்லாத குடும்பத்துப் பிள்ளைக்குப் பட்டம் ஒன்றே கையில் இருந்த ஆதாரம். அதைச் செல்லாது என்று ஒதுக்கிவிட்டு, “ஆள் நல்லா வேலை செய்வான்” என்ற வாய்வார்த்தையை வைத்துத் தேர்ந்தெடுத்தால் சாதியும் ஊரும் உறவும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கிரண் மஜும்தாரைத் திருப்பி அனுப்பிய மதுவாலைகளும் பொருத்தமான ஆளைத் தேடுவதாகவே எண்ணியிருக்கும்.

இதற்கு விடை தொழிற்சாலைகளில் பழக்கத்தில் உள்ள ‘ட்ரேட் டெஸ்ட்’டில் இருக்கிறது. ஃபிட்டருக்கு ஒரு வரைபடமும் இரும்புத் துண்டும் கொடுத்து, முடித்த வேலையை மைக்ரோமீட்டரால் அளந்து மதிப்பெண் போடும்போது யாருடைய மகன் என்ற கேள்விக்கே இடமில்லை. இந்த நேர்மையைப் பரிசோதனைக்கூட உதவியாளர், மென்பொருள் எழுதுபவர், கிடங்குக் கணக்கர் வரை கொண்டுசெல்ல முடியும். பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்தவர்களுக்கு உதவித்தொகை தந்து பயிற்சி அளித்து ஜோஹோ வேலைக்கு எடுத்துக்கொள்வது, மென்பொருளில் இது நடக்கும் என்பதற்கு நம் பக்கத்து எடுத்துக்காட்டு.

ஆனால் விளம்பரத்திலிருந்து பட்டத்தை நீக்கியதும் வேலை முடிந்துவிடாது. அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்து ஹார்வர்ட் வணிகப் பள்ளியும் பர்னிங் கிளாஸ் நிறுவனமும் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்த மாற்றத்தால் பயனடைந்தவர்கள் புதிதாகச் சேர்ந்த 700 பேரில் ஒருவர்கூட இல்லை. அறிவிப்பு மாறியது, தேர்ந்தெடுப்பவரின் பழக்கம் மாறவில்லை. திறன் பார்த்து எடுக்கப்பட்டவர் பதவி உயர்வு வரும்போது பட்டமில்லை என்று நிறுத்தப்பட்டால் அது இன்னும் பெரிய அநீதி.

2014இல் திருத்தப்பட்ட அப்ரண்டிஸ் சட்டத்தின் 22ஆவது பிரிவு, பயிற்சி முடித்தவர்களைப் பணியில் சேர்ப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது. ஹெப்பகோடி அமைந்துள்ள ஓசூர் சாலையின் தொழிற்சாலைகள் அந்தக் கொள்கையை, ட்ரேட் டெஸ்டின் மதிப்பெண் முறையோடும் பதவி உயர்வு விதிகளோடும் சேர்த்து, கன்னடத்திலும் தமிழிலும் வாசல் பலகையில் ஒட்ட வேண்டும். தொழிற்சங்கங்கள் முதலில் கேட்க வேண்டியதும் இதைத்தான்.