அமெரிக்கத் தென்மாநிலப் புதினங்களில் தாய், மகள், தோழி

அமெரிக்கத் தென்மாநிலப் புதினங்களில், தாய்க்கும் மகளுக்கும் இடையே பேசப்படாதது தோழமையில் பேசப்படுகிறது. சோரா நீல் ஹர்ஸ்டனின் 'தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' (1937) புளோரிடாவைக் களமாகக் கொண்டது. அடிமையாகப் பிறந்த பாட்டி நானி, தாயின் இடத்தில் நின்று ஜேனியை வளர்க்கிறாள். 60 ஏக்கர் நிலமுடைய மூத்தவனுக்கு அவளை மணமுடிக்கிறாள். அடிமை வாழ்வில் பட்ட கொடுமையே நிலத்தைப் பாதுகாப்பெனக் கருதச் செய்தது. பாட்டி மீதான ஜேனியின் வெறுப்போ அவள் இறந்த பின்னரே தெளிவுறுகிறது. தன் கதை முழுவதையும் அவள் நெடுநாள் தோழி ஃபீபியிடம் உரைக்கிறாள்.

லூசியானாவைக் களமாகக் கொண்ட ரெபெக்கா வெல்ஸின் 'டிவைன் சீக்ரெட்ஸ் ஆஃப் தி யா-யா சிஸ்டர்ஹுட்' (1996) புதினத்தில் இது திசை மாறுகிறது. தாய் விவி மறைத்த மனமுறிவை அவளுடைய இளமைத் தோழியரே மகள் சிட்டாவுக்கு உணர்த்துகின்றனர். எனவே தோழமை தாயன்புக்கு மாற்று அன்று. குடும்பம் மறைத்ததைக் காக்கும் நினைவுக் களஞ்சியம் எனலாம்.