உடும்பும் இகுவானாவும்: ஒரு பெயர்ப்பிழையும் ஓர் உணவுப்பிழையும்

தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதியில் தமிழர் ‘உடும்பு’ என்பதைத் தெலுங்கர் ‘உடுமு’ என்பர். கன்னடத்தில் அது ‘உடு’. மூன்றும் ஒரே திராவிட மூலத்தின் வடிவங்கள். இச்சொல் குறிப்பது புற்றையும் பாறை இடுக்கையும் வாழிடமாகக் கொண்ட வங்காள உடும்பை. அண்மைக் காலத்தில் செல்லப்பிராணி வணிகத்தின் வழியே வீடுகளுக்கு வந்த பச்சை இகுவானாவையும் சிலர் இதே பெயரால் அழைக்கின்றனர். தோற்றம் சற்றே ஒத்திருப்பதால் இது இயல்பான மயக்கம்தான். ஆயினும் இம்மயக்கத்திற்கு நெடிய வரலாறு உண்டு.

‘இகுவானா’ கரீபியத் தீவுகளின் அரவாக் மொழிச் சொல். ஸ்பானியர் வழியே ஐரோப்பிய மொழிகளில் புகுந்தது. 1758இல் லின்னேயஸ் இவ்விலங்கிற்கு அறிவியற்பெயர் இட்டபோது இச்சொல்லையே இனப்பெயராக்கினார்; 1768இல் லாரென்டி அதனைப் பேரினப் பெயராக உயர்த்தினார். ஆனால் கீழைநாடுகளுக்கு வந்த ஐரோப்பியர், இங்குக் கண்ட பெரும்பல்லிகளையெல்லாம் அதே சொல்லால் அழைத்தனர். இலங்கையின் ‘தலகொயா’ ஐரோப்பியருக்கு ‘இகுவானா’ என்று 1861இல் எமர்சன் டென்னன்ட் எழுதினார். 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியும் இந்திய ஆங்கிலத்தில் இச்சொல் உடும்பைக் குறித்ததைப் பதிவு செய்தது. ஆஸ்திரேலியாவில் இச்சொல் ‘கோவானா’ எனத் திரிந்து இன்றும் உடும்பையே குறிக்கிறது. அன்று அமெரிக்கப் பெயர் இந்திய விலங்கின்மேல் ஏறியது. இன்று இந்தியப் பெயர் அமெரிக்க விலங்கின்மேல் ஏறுகிறது.

பெயர் மாறினால் கேடென்ன என்று கேட்கலாம். கேடு உணவுத் தட்டில் தெரியும். உடும்பு ஊனுண்ணி, பூச்சி, முட்டை, எலி, நண்டு ஆகியவற்றை உண்பது. பச்சை இகுவானா இலையுண்ணி. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. உடும்பின் பெயரோடு உடும்பின் உணவையும் இகுவானாவுக்கு வழங்கினால் விளைவது நோயே.

இத்தவறு பெயர்மயக்கத்தால் மட்டும் நேர்ந்ததன்று. இகுவானா வளர்ப்பு பரவிய மேலைநாடுகளிலேயே நெடுங்காலம் அதற்குப் பூச்சியும் நாயுணவும் தரப்பட்டன. குஞ்சுகள் பூச்சி உண்டு, வளர்ந்தபின் இலைக்கு மாறும் என்பது அன்றைய பொதுக்கருத்து. 1980களின் ஆய்வுகள் இதனைத் தகர்த்தன. இகுவானாக்களின் பெருங்குடலில் அறைத்தடுப்புகள் இருப்பதையும், அவை இலையுணவோடு தொடர்புடையவை என்பதையும் 1980இல் ஜான் ஐவர்சன் விளக்கினார். பனாமாவில் ஆய்ந்த கேத்தரின் டிராயர், குஞ்சுகள் மூத்த இகுவானாக்களின் எச்சத்தை உண்டு நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர்களைப் பெறுவதை 1982இல் வெளியிட்டார். பிறந்த சில வாரங்களிலேயே இலைச் செரிமானத்திற்கு ஆயத்தமாகும் உயிரியை ஊனுண்ணியாகக் கருத இனி இடமில்லை. மிகைப்படியான விலங்குப் புரதத்தைச் சிறுநீரகக் கேட்டோடும் மூட்டுகளில் யூரிக் அமிலம் படிவதோடும் கால்நடை மருத்துவர்கள் தொடர்புபடுத்துகின்றனர்.

இவ்வறிவைச் சித்தூர்ச் சந்தைக்குக் கொண்டுவருவது எளிது. உணவின் பெரும்பகுதி இலையாக இருத்தல் வேண்டும். அதில் சுண்ணாம்புச்சத்து பாஸ்பரசைப் போல் ஏறத்தாழ இருமடங்கு இருப்பது நன்று. முருங்கையிலை, செம்பருத்தியின் இலையும் பூவும் ஏற்றவை. பலமநேர், குப்பம் பகுதிகளில் பட்டுப்புழுவுக்காக வளர்க்கப்படும் மல்பெரி இலையும் சிறந்தது. பூச்சிமருந்து தெளிக்கப்படாததாக இருத்தல் மட்டும் கட்டாயம். ஆந்திரச் சமையலின் பெருமையான கோங்கூரா, அதாவது புளிச்சக்கீரை, இங்கு எச்சரிக்கைக்குரியது. அதிலும் பாலக்கிலும் உள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச்சத்தைப் பிணைத்து உடலில் சேரவிடாது. சித்தூரின் தோத்தாபுரி மாம்பழம் எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும். சோறு, பால், முட்டை, இறைச்சி வேண்டா.

உணவு சரியாயினும் வெயில் இன்றேல் பயனில்லை. புறஊதா-பி கதிர்பட்டுத் தோலில் உருவாகும் வைட்டமின் டி3 இன்றி, உண்ட சுண்ணாம்புச்சத்து எலும்பைச் சேர்வது அரிது. சன்னல் கண்ணாடி அக்கதிரைப் பெரிதும் தடுத்துவிடும். திருப்பதி வெயில் எவ்வளவு காய்ந்தாலும், கண்ணாடிக்குப் பின் அடைபட்ட விலங்குக்கு அது எட்டாது. தாடை வீங்குவதும் கால் எலும்பு வளைவதும் முறிவதும் இக்குறையின் அடையாளங்கள்.

பெயர்வேறுபாடு சட்டத்திலும் முதன்மை பெறுகிறது. வங்காள உடும்பு 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதை வீட்டில் வளர்ப்பது குற்றம். பச்சை இகுவானா பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளது. 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் 2024ஆம் ஆண்டு விதிகளும் இத்தகைய அயல்விலங்குகளை வைத்திருப்போர் ‘பரிவேஷ்’ தளத்தில் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கின. சேஷாசலக் காட்டில் பிடித்த உடும்பை ‘இகுவானா’ என்று சொல்லித் தப்பவும் முடியாது. இகுவானாவை ‘உடும்பு’ என்று எண்ணி முட்டை ஊட்டவும் கூடாது.

பெயர்களின் வரலாறு பெரும்பாலும் ஏட்டில் தொடங்கி ஏட்டிலேயே முடிவது. இங்கு அது ஒரு வாயில்லா உயிரின் எலும்பில் முடிகிறது. ‘இகுவானா’ என்ற சொல்லைத் தமிழ் அப்படியே ஏற்று, ‘உடும்பு’ என்பதை உடும்புக்கே விட்டுவைப்பது இரு விலங்குகளுக்கும் நன்மை தரும்.