ஊருக்கு உரைத்தல்

2011ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் விடியற்காலையில், 'தானே' என்னும் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்ற அந்தப் புயல், பண்ருட்டி வட்டாரத்துப் பலாத் தோப்புகளையும் முந்திரிக் காடுகளையும் ஒரே காலைப் பொழுதில் தரையோடு தரையாகச் சாய்த்துவிட்டது. பாட்டன் நட்டுப் பேரன் பழம் பறித்த மரங்கள் வேர் வானத்தை நோக்கக் கிடந்தன. என் தாய்மாமன் தோப்பும் அவற்றுள் ஒன்று.

மூன்றாம் நாள் அவரைக் காணச் சென்றிருந்தேன். அந்நேரம் நகரத்திலிருந்து ஒரு படப்பிடிப்புக் குழுவினரும் வந்து சேர்ந்தனர். நல்ல எண்ணத்தோடுதான் வந்திருந்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர்களில் ஒருவர், "பெரியவரே, அந்த மரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுங்கள், பார்ப்பவர்கள் உதவி செய்வார்கள்" என்றார். மாமன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அழுகையெல்லாம் நேற்றோடு ஆயிற்று, தம்பி. ஒட்டுக்கன்று எங்கே கிடைக்கும், நட்டால் எத்தனை ஆண்டில் காய்க்கும், அதுவரை வாங்கின கடனுக்கு என்ன வழி? இதைக் கேட்டுப் போடுங்கள்" என்றார். அவர்கள் அதையும் படம் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அன்றிரவு வெளிவந்தது சாய்ந்த மரமும், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் ஒரு கிழவருந்தான். முகத்தில் இருந்தது கண்ணீரன்று, வேர்வை.

ஒரு மக்கள் கூட்டத்தின் துன்பத்தையும் தேவையையும் ஊரறியச் சொல்லும் பணி எவ்வாறு வளர்ந்து வந்தது என்பதை மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற ஆவல் அன்றுதான் எனக்குப் பிறந்தது. இப்பணிக்குப் பிரசாரம் என்று பெயர். பாவம், அச்சொல் அரசியல் மேடைகளில் ஏறி இறங்கிச் சற்றே கெட்டுப்போயிருக்கிறது. ஆனால் அதன் பழைய பொருள் பரப்புதல் என்பதே.

பரப்புதலில் நம்மவர் புதியவர் அல்லர். காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திர விழாவை வள்ளுவ முதுமகன் யானைமேல் முரசேற்றி அறிவித்த செய்தியை மணிமேகலையின் முதற்காதையிலேயே காண்கிறோம். முரசுக்குப் பின் தண்டோரா வந்தது. தண்டோராவுக்குப் பின் ஒலிபெருக்கி. சென்னையில் 1938இலும் திருச்சிராப்பள்ளியில் 1939இலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தோன்றின. நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக் கட்டடத்தின் உச்சியில் கட்டப்பட்டிருந்த ஒலிபெருக்கிக் குழாய் மாலைதோறும் பேசும். கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டுப் படுத்தவாறே கேட்பவர்களும் உண்டு. கேட்டார்கள், எழுந்து போனார்கள். குழாயைக் கேள்வி கேட்க எவராலும் முடியவில்லை.

இக்குறையை நீக்க ஒரு முயற்சி 1956இல் புனே நகரில் நடந்தது. அக்காலத்துப் பம்பாய் மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களில் 150 சிற்றூர்களைத் தேர்ந்து, ஊருக்கு இருபது பேர் அளவில் வானொலி மன்றங்களை அமைத்தார்கள். ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் உதவிற்று. நிகழ்ச்சியைக் கேட்பது, கூடிப் பேசுவது, ஐயங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்புவது, பின்பு செயலில் இறங்குவது என்பது முறை. கனடா நாட்டு உழவர்கள் 1941 முதல் நடத்தி வந்த வானொலி மன்றங்களே இதற்கு முன்மாதிரி. 1959இல் இந்த ஏற்பாடு நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. விரிந்ததும் நீர்த்துப் போயிற்று என்றே சொல்ல வேண்டும். ஒரு சிற்றூரில் இருபது பேரை வாரந்தோறும் கூட்டுவதற்கு வானொலிப் பெட்டி மட்டும் போதாது. அவ்வூரில் ஒருவருக்கு அதில் மெய்யான ஈடுபாடு இருக்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டில் இம்முயற்சிக்கு வேறொரு விதத்தில் பலன் கிடைத்தது. தஞ்சை மாவட்டம் 1960இல் தீவிர வேளாண்மைத் திட்டத்திற்குள் கொண்டுவரப்பட்டிருந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் சப்பானிய நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் இணைத்து உருவாக்கிய ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல் குறுவைப் பட்டத்துக்கு ஏற்றதென்று கண்டார்கள். அதே காலத்தில், 1966இல், திருச்சி வானொலியில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவு தொடங்கப்பெற்றது. விதையை எப்படித் தேர்வது, உரத்தை எந்நாளில் இடுவது, பூச்சி கண்டால் என்ன செய்வது என்று பயிரின் வளர்ச்சியோடு ஒத்து நடந்து சொல்லிக்கொண்டே வந்தார்கள். நாற்று விடும் வாரத்தில் நாற்றைப் பற்றிப் பேச்சு. கதிர் முற்றும் வாரத்தில் அறுவடையைப் பற்றிப் பேச்சு. உழவர்கள் அந்நெல்லுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ரேடியோ நெல்'! விதைக்கடையில் எண்ணைச் சொல்லிக் கேட்காமல் இப்பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். பின்னாளில் வேறு நெல் வகைகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆயினும் ஒரு பயிருக்கு ஒலிபரப்பின் பெயரையே மக்கள் சூட்டியது, உலகப் பிரசார வரலாற்றில் அடிக்கடி நிகழ்ந்ததொன்றன்று.

அதே பத்தாண்டில் சுவரெங்கும் சிவப்பு முக்கோணம் தீட்டப்பட்டது; 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்ற வாசகம் பட்டிதொட்டியெல்லாம் பரவிற்று. அதைப் படிக்காதவர் இல்லை. ஆனால் 1975க்கும் 1977க்கும் இடைப்பட்ட நெருக்கடி நிலைக் காலத்தில், குறிப்பாக வடமாநிலங்களில், அத்திட்டம் கட்டாயமாக மாறியபோது, அந்த முக்கோணத்தைக் கண்டாலே மக்கள் அஞ்சத் தலைப்பட்டனர். பல ஆண்டுப் பிரசாரத்தின் நற்பெயர் சில திங்களில் கரைந்தது.

இதுவரை சொன்னவற்றிலெல்லாம் பேசியவர் ஒருவர், கேட்டவர் வேறொருவர். இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கிய நிகழ்ச்சியைக் காண, நாம் கனடாவின் கீழ்க்கடலோரத்திலுள்ள போகோ என்னும் தீவுக்குச் செல்ல வேண்டும். காட் என்னும் மீனை நம்பி வாழ்ந்த செம்படவர்களின் தீவு அது. மீன் வளம் குன்றவே, மக்களைத் தீவிலிருந்து கிளப்பி வேறிடத்தில் குடியேற்றிவிட அரசினர் எண்ணினர். 1967இல் கனடாத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோ என்னும் இயக்குநர் அங்குச் சென்று, தீவு மக்கள் தங்கள் வாழ்வைப் பற்றித் தாங்களே பேசுவதைச் சிறு சிறு படங்களாக எடுத்தார். அவர் கைக்கொண்ட முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. பேசியவர் தம் படத்தை முதலில் தாமே பார்ப்பார். வேண்டாமென்று அவர் சொன்ன பகுதி நீக்கப்படும். பிறகு அப்படங்களைத் தீவின் ஒவ்வோர் ஊரிலும் திரையிட்டார்கள். ஒருவரோடொருவர் கலந்து பேசாதிருந்த ஊரார், தங்கள் கவலை ஒன்றே என்பதைத் திரையில் கண்டனர். பின்பு அதே படங்கள் அமைச்சர்களுக்குக் காட்டப்பட்டன. அமைச்சர் கூறிய மறுமொழியும் படமாகித் தீவுக்குத் திரும்பி வந்தது. மக்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள், படகு கட்டினார்கள், தீவை விட்டுப் போகவில்லை.

நம் நாட்டில் 1984இல் அகமதாபாத்தில் சுயதொழில் மகளிர் சங்கத்தைச் சேர்ந்த பெண்கள் வீடியோக் கருவியைக் கையில் எடுத்தார்கள். அவர்களில் எழுத்தறியாதோரும் காய்கறி விற்போரும் இருந்தனர். கருவியின் பொத்தான்களை எழுத்தால் அன்றி, இடத்தாலும் குறியாலும் நினைவில் வைத்துக் கற்றுக்கொண்டார்கள். எழுதத் தெரியாதவர் சாட்சி சொல்ல முடியாது என்ற எண்ணம் அங்கே உடைந்தது.

இனி நம் கடற்கரைக்கே வருவோம். புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூருக்கு அண்மையில், நல்லவாடு என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் இவ்வட்டாரச் சிற்றூர்களில் அறிவு மையங்களை நிறுவி வந்தது. அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிடும் அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் சொல்லி, கரையோரத்து ஒலிபெருக்கிகளில் அறிவிப்பார்கள். இன்று கடலுக்குப் போகலாமா, கூடாதா என்பதே மீனவருக்குத் தலையாய செய்தி. பெரிய படமில்லை, பாட்டில்லை, இரண்டே வரி.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குச் சுமத்திராவின் கடலடியில் நிலம் நடுங்கிற்று. அலை நம் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் நம் கையில் இருந்தும் அதைச் சொல்லும் வாய் நாட்டில் இல்லை. ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் அமைந்தது 2007இல்தான். ஆனால் நல்லவாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். தொலைக்காட்சியில் செய்தியைக் கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் உள்ளே வருகிறது என்று வீட்டார் சொல்லவே, உடனே ஓடுங்கள், ஊராரையும் ஓடச் சொல்லுங்கள் என்றார். அறிவு மையம் பூட்டிக் கிடந்தது. பூட்டை உடைத்து உள்ளே புகுந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். படகுகளும் வீடுகளும் அழிந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் பிழைத்தார்கள். அதே காலையில் கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது பலரும் அந்தத் தொலைபேசி அழைப்பையே போற்றுவர். போற்றத் தக்கதே. நானோ அதற்கு முந்திய ஆண்டுகளை எண்ணிப் பார்க்கிறேன். நாள்தோறும் அலையைப் பற்றி உண்மை சொல்லி வந்த குழாய் அது. ஆகவே அது ஓடு என்றபோது, ஏன் என்று கேட்டு எவரும் நிற்கவில்லை. தேர்தலுக்கும் திருவிழாவுக்கும் மட்டும் பேசிய குழாயாக இருந்திருந்தால், சில நிமிடங்களாவது தயங்கியிருப்பார்கள். அந்தச் சில நிமிடங்கள் அன்று யாரிடமும் இல்லை.

கடலூருக்குத் தெற்கே உப்பனாற்றங்கரையில் உள்ள சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிய ஊர்களிலும் அதே 2004இல் ஒரு முயற்சி நடந்தது. காற்றில் கெட்ட நாற்றம் வீசுகிறது என்று மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டும், நாற்றத்துக்கு ஆதாரம் கேட்டால் என்ன காட்டுவது? கலிபோர்னியாவில் 1990களில் பிறந்த ஓர் எளிய முறையைக் கற்றார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையை வைத்து அதில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது அம்முறை. எந்நாள், எந்நேரம், எவ்வகை நாற்றம் என்று ஊரார் குறிப்பேட்டில் எழுதி வந்தார்கள். அழுகல் முட்டை நாற்றம் என்று நாளும் மணியும் இட்டு எழுதினால், அதை வெறும் புலம்பல் என்று ஒதுக்கிவிட இயலாது. அக்குறிப்புகளும் ஆய்வு முடிவுகளும் அறிக்கையாக வெளிவந்தபின், செய்தித்தாள்கள் எழுதின, அதிகாரிகளும் கவனித்தார்கள்.

மீண்டும் பண்ருட்டிக்கு. தானே புயலின்போது ஆனந்த விகடன் 'தானே துயர் துடைப்போம்' என்று பெயரிட்டு வாசகரிடம் நிதி திரட்டிற்று. புயலின் பெயர் மியான்மர் நாடு சூட்டியது. அது தமிழில் நாமே செய்வோம் என்ற பொருளைத் தருமென்று சூட்டியவர் நினைத்திருக்க மாட்டார். அந்தச் சொல் விளையாட்டு எங்கள் ஊரார் முகத்தில் அத்துன்பத்திலும் ஒரு சிரிப்பை வரவழைத்ததை நான் பார்த்தேன்.

மாமன் தோப்பில் மறு கன்றுகள் வைத்தபோது, கல்லூரியில் படிக்கும் என் மருமகன் தன் கைப்பேசியில் அவரைப் படம் எடுத்தான். பணிக்கன்குப்பத்து நாட்டுப் பலாவிலிருந்து தேர்ந்து பாலூர் ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட இரகத்தை எவ்வாறு அடையாளம் காண்பது, குழியில் எருவை எவ்வளவு இடுவது, பலா காய்க்கும் வரை இடையில் எதைப் பயிரிட்டுப் பிழைப்பது என்று ஏழு நிமிடம் பேசினார். எடுத்து முடித்ததும், "போட்டுக் காட்டு" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் பார்த்தார். கடன் தொகையைச் சொன்ன ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி, "இதை எடுத்துவிடு, மற்றது இருக்கட்டும்" என்றார். அவன் எடுத்துவிட்டான். அடுத்த வாரமே விருத்தாசலம் பக்கத்திலிருந்து முன்பின் அறியாத ஒருவர், கன்றுக்கு வெயில் மறைப்பு வேண்டுமா என்று கேட்டு மாமனைத் தேடிப் பேருந்தேறி வந்துவிட்டார். இருவரும் தோப்பில் உட்கார்ந்து மாலைவரை பேசிக்கொண்டிருந்தார்கள்.