கள்ளக்கடல் எச்சரிக்கை பிறந்த கதை

வானம் தெளிந்து கிடக்கும். காற்று இருக்காது. கரையேற்றிய வள்ளங்களுக்குப் பக்கத்தில் வலை உலர்ந்துகொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்துக் கடல் அலைவாய்க்கரையைத் தாண்டி, வீட்டு முற்றம் வரை ஏறி வரும். கேரளத்திலும் நம் குமரிக் கரையிலும் மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். புயலும் இல்லாமல் மழையும் இல்லாமல் கடல் ஏன் பொங்குகிறது என்பதற்குத்தான் நெடுநாள் விடை கிடைக்கவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்த விடை அவசரமாகத் தேவைப்பட்டது. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் உறவுகளைப் புதைத்தவர்கள், அலை சற்று உயர்ந்தாலே சுனாமி என்று நினைத்து ஓடுவதில் என்ன வியப்பு? ஐந்தே மாதத்தில், 2005 மே மாதம், தென்மேற்குக் கரையில் கடல் மறுபடி ஊருக்குள் புகுந்தது. திருவனந்தபுரம் புவி அறிவியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த என்.பி. குரியனும் சக ஆய்வாளர்களும் அதன் காரணத்தைத் தேடிப் போனார்கள். நிலநடுக்கத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. தெற்கே, அண்டார்டிகாவை நோக்கிய பெருங்கடலில் வீசிய புயல்காற்று எழுப்பிய அலைகள்தான் நம் முற்றத்துக்கு வந்திருந்தன.

சாதாரண அலை சில விநாடிகளுக்கு ஒன்றாகக் கரையில் விழும். இந்த நெட்டலைகளோ 15 முதல் 20 விநாடிக்கு ஒன்று. இடைவெளி நீள நீள அலையின் வேகமும் கூடும். 18 விநாடி அலைக்கூட்டம் ஆழ்கடலில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நகரும். நடுக்கடலில் படகில் இருப்பவருக்கு அது அவ்வளவாகத் தெரியாது. கரை நெருங்கி ஆழம் குறையும்போதுதான் எழும்பும். ஆக, அங்கே புயல் அடித்த பிறகு இங்கே கடல் ஏற நமக்குச் சில நாள் அவகாசம் உண்டு. எச்சரிக்கை பிறந்தது இந்த அவகாசத்தில்தான்.

2012-இல் மீனவர் வைத்த பெயரையே யுனெஸ்கோ அறிவியல் பெயராக ஏற்றது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் மையம் தென்கடல் புயல்களைத் தொடர்ந்து கவனித்து, கள்ளக்கடலுக்கென்றே தனி முன்னறிவிப்பு முறையை உருவாக்கியது. நம் குமரி மாவட்டத்துக்கான அறிவிப்பில் 'நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை' என்று எல்லை குறித்து, எத்தனை மீட்டர் அலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்றெல்லாம் வருகிறது.

அறிவிப்பு வெளியானால் மட்டும் போதாது என்பதை 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் நமக்குக் கொடுமையாகக் காட்டியது. செய்தி வந்தபோது தூத்தூர் பகுதி விசைப்படகுகள் செல்போன் எட்டாத ஆழ்கடலில் இருந்தன. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியாகியிருந்த நாள்கள் அவை. வெயில் அடிக்கும் கடற்கரையில் நின்று ஆபத்தை நம்புவது கடினம். வெளியூர்க்காரருக்கு அந்தப் பெயரே புதிது. மணலில் நின்று சொல்ல ஆள் வேண்டும்.

இதற்கிடையில் இரண்டு தவறான பேச்சுகளும் பரவுகின்றன. எல்லாம் புவி வெப்பமாதலின் வேலை என்பது ஒன்று. கடல் காலங்காலமாக இப்படித்தான், வெப்பமாதல் எல்லாம் கட்டுக்கதை என்பது மற்றொன்று. 'எங்க அப்பா காலத்துலயும் கடல் ஏறிச்சு' என்று ஒரு பெரியவர் சொன்னால் அது உண்மை. அதை முதலில் ஒப்புக்கொள்ளாமல் அவரிடம் மேற்கொண்டு பேச முடியாது. ஒப்புக்கொண்ட பின் மீதி உண்மையையும் சொல்ல வேண்டும்: 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது என்கிறது ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கை. கள்ளக்கடலை வெப்பமாதல் உண்டாக்கவில்லை. ஆனால் மட்டம் உயர்ந்த கடலில், அப்பா காலத்தில் வாசலோடு நின்ற அதே அலை இன்று வீட்டுக்குள் வரும்.

சித்திரையிலும் வைகாசியிலும்தான் கள்ளக்கடல் அதிகம். அந்த மாதங்களில் குமரிக் கடற்கரைக்கு வருகிறவர்கள், தண்ணீரில் கால் வைக்கும் முன் கரையில் இருக்கும் ஒரு மீனவரிடம் 'இன்று கள்ளக்கடல் உண்டா?' என்று கேளுங்கள். இறங்காதே என்றால் இறங்காதீர்கள்.