டமாஸ்கஸ் 1860: தடுத்திருக்கக் கூடிய கொலைகள்

மதக்கலவரம் மூண்டுவிட்டால் அதை யாராலும் நிறுத்த முடியாது என்ற பேச்சை ஏற்க எனக்கு மனம் வருவதில்லை. 1860 ஜூலையில் டமாஸ்கஸில் நடந்தது அந்தப் பேச்சைப் பொய்யாக்குகிறது. லெபனான் மலையில் துரூசியரும் மரோனியக் கிறிஸ்தவரும் மோதிய போரின் வெறி நகருக்குள் புகுந்திருந்தது. 1856ஆம் ஆண்டு ஒட்டோமான் அரசு அறிவித்த சமவுரிமையால் எழுந்த புகைச்சலும், படைச்சேவைக்கு ஈடாகக் கிறிஸ்தவர் கட்ட வேண்டிய வரி பற்றிய தகராறும் சேர்ந்துகொண்டன. ஜூலை 9 அன்று கும்பல் கிறிஸ்தவர் குடியிருப்பான பாப் தூமாவுக்குள் பாய்ந்தது. ஆளுநர் அகமது பாஷாவின் துருப்புகள் தடுக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அந்த நகரில்தான், பிரெஞ்சுப் படையை 15 ஆண்டுகள் எதிர்த்துப் போரிட்டு, சரணடைந்து, சிறையிருந்து, நாடுகடந்து வந்த அல்ஜீரியத் தலைவர் அமீர் அப்துல் காதிர் 1855 முதல் வாழ்ந்துவந்தார். அவர் தம் அல்ஜீரிய வீரர்களைத் தெருத்தெருவாக அனுப்பினார். தூதரக அதிகாரிகள், பாதிரியார்கள், எளிய குடும்பங்கள் என அகப்பட்டவர்களையெல்லாம் மீட்டு வந்து தம் வீட்டில் வைத்தார். வீடு நிரம்பியதும் காவலோடு கோட்டைக்கு அனுப்பினார். உயிரோடு ஒப்படைக்கப்படும் ஒவ்வொரு கிறிஸ்தவருக்கும் பணம் தருவதாகவும் அறிவித்தார். கொள்ளையில் கிடைக்கும் ஆதாயத்துக்கு எதிராக ஓர் ஆதாயத்தை நிறுத்திய அந்த யோசனையைப் பெரிதாகவே மதிக்கிறேன்.

அவர் பிரான்ஸின் உபகாரச் சம்பளம் பெற்றவர், நன்றிக்கடனைத்தான் தீர்த்தார் என்று சொல்வோர் உண்டு. சம்பளம் பெற்றது உண்மை. அவருடைய ஆட்களுக்கு ஆயுதம் வாங்கப் பிரெஞ்சுத் தூதரகம் பணம் கொடுத்ததும் உண்மை. ஆனால் அந்தப் பணம் ஆயுதம் எங்கிருந்து வந்தது என்பதற்கு மட்டுமே விடை. 1862இல் அல்ஜியர்ஸ் ஆயர் பவிக்கு எழுதிய கடிதத்தில், தாம் செய்தது இஸ்லாமியச் சட்டமும் மனித உரிமையும் விதித்த கடமை என்றார் அமீர். கடிதத்தில் எவரும் தம்மை நல்லவராகக் காட்டலாம் என்றால், நகரின் தெற்கேயுள்ள மைதான் பகுதியைப் பாருங்கள். அங்கே சாலிஹ் ஆகா அல்-மஹாயினி முதலான முஸ்லிம் பெரியவர்கள் தங்கள் அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவர்களைக் காத்து நின்றார்கள். அவர்களுக்குப் பாரிஸிலிருந்து சம்பளம் வரவில்லை. அங்கே கிறிஸ்தவர்கள் முஸ்லிம்களோடு கலந்து வாழ்ந்தார்கள். பெரியவர்களின் சொல்லுக்கு மதிப்பும் இருந்தது.

அப்படியும் அமீரால் பாப் தூமாவைக் காக்க முடியவில்லையே என்று கேட்கலாம். அவரிடம் இருந்தது ஒரு சிறு படை. அரசு ஆணை எதுவும் இல்லை. அவ்வளவைக் கொண்டே அவர் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். ஆளுநர் கையிலோ ஒட்டோமான் காவற்படை இருந்தது. ஒட்டோமான் அரசின் சார்பில் விசாரணைக்கு வந்த ஃபுவாத் பாஷாவும் நடந்ததை விதி என்று விட்டுவிடவில்லை. அந்தச் செப்டம்பரிலேயே அகமது பாஷா மரண தண்டனை பெற்றுச் சுட்டுக் கொல்லப்பட்டார்.